கொள்ளுப்பாட்டி மூடிய பெட்டி! கொள்ளுப்பேத்தி திறக்கிறாள்!

"கட, கட, கட, கட..."

கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இந்தச் சத்தம் கேட்கிறது.

மேஜை ஓரத்தில் ஒரு சிறிய இரும்பு எந்திரம் இருக்கிறது. அதன் நடுவில் டம்ளர் போல ஓர் உருளை. உருளையைச் சுற்றி 72 ஊசிகள். மேலே இருந்து கம்பளி நூல் இறங்குகிறது. கீழே பாம்புச் சட்டை போலப் பின்னிய துணி வளர்ந்துகொண்டே வருகிறது!

இது காலுறை பின்னும் எந்திரம். வயது 100 இருக்கும்!

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பல வீடுகளின் பரணில் இந்த எந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. இப்போது அவற்றைத் தேடி எடுக்கிறார்கள். துடைத்து எண்ணெய் போடுகிறார்கள். அதில் பின்னக் கற்றுக்கொள்வது ஒரு நல்ல பொழுதுபோக்கு ஆகிவிட்டது.

கடைக்குப் போனால் காலுறை கிடைக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு?

அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் எந்திரத்தின் கதையைக் கேளுங்கள்.

ராணி மறுத்தார்

நெய்வது வேறு, பின்னுவது வேறு. வேட்டியும் சேலையும் நெய்த துணி. அதற்குப் பாவு நூல் வேண்டும், ஊடு நூலும் வேண்டும். பனியன் பின்னிய துணி. ஒரே நூல், வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் பனியனை இழுத்தால் நீளுகிறது, விட்டால் சுருங்குகிறது.

காலுறையும் பின்னல்தான். முன்பெல்லாம் அதைக் கையால்தான் பின்னினார்கள்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துக்குப் பக்கத்தில் கால்வர்ட்டன் என்று ஓர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்தவர் வில்லியம் லீ. 1589-ம் ஆண்டில் அவர் காலுறை பின்னும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் எலிசபெத் ராணி. லீ அவரிடம் உரிமம் கேட்டார். ராணி கொடுக்கவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் இந்த எந்திரம் அடித்துவிடும் என்று அவர் பயந்ததாகச் சொல்வார்கள்.

மனம் உடைந்த லீ, பிரான்சு நாட்டுக்குப் போனார். அங்கேயே இறந்துபோனார். ஆனால் எந்திரம் சாகவில்லை. அது வளர்ந்தது.

நாக்கு உள்ள ஊசி

19-ம் நூற்றாண்டின் நடுவில், லெஸ்டர் நகரத்தைச் சேர்ந்த மாத்யூ டவுன்செண்ட் ஒரு புது ஊசியைக் கொண்டுவந்தார்.

ஊசியின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே ஒரு குட்டி நாக்கு. அந்த நாக்கு கதவு போலத் திறக்கும், மூடும்.

ஊசி மேலே ஏறும்போது நாக்கு திறக்கிறது. கொக்கி புது நூலைப் பிடிக்கிறது. ஊசி கீழே இறங்கும்போது நாக்கு மூடிக்கொள்கிறது. பழைய வளையம் நாக்கின் மேல் வழுக்கி ஊசியை விட்டு வெளியே போய்விடுகிறது. புது வளையம் கொக்கியில் நிற்கிறது. இதுதான் ஒரு பின்னல்!

இத்தகைய ஊசிகளை வட்டமாக நிறுத்தி, ஒரு கைப்பிடியையும் மாட்டியதுதான் வீட்டுக் காலுறை எந்திரம். ஒரு தடவை சுற்றினால் 72 ஊசிகளும் வரிசையாக ஏறி இறங்கும். 72 பின்னல் முடிந்துவிடும்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓடும் வட்டப் பின்னல் எந்திரங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவை அண்ணன், இது தம்பி!

அகழியில் அழுகிய கால்

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. சிப்பாய்கள் அகழிகளில் நின்று சண்டை போட்டார்கள். அகழிக்குள் சேறும் குளிர்ந்த தண்ணீரும் நிறைந்திருந்தன.

நாள் கணக்கில் ஈரத்தில் நின்றதால் பாதம் மரத்துப்போனது, வீங்கியது, அழுகியது. சிலருக்குக் காலையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

மருந்தைவிட முக்கியமாக இருந்தது உலர்ந்த காலுறை! ஈரமானதைக் கழற்றிவிட்டு வேறு காலுறை போட வேண்டும் என்று ராணுவம் உத்தரவு போட்டது. காலுறைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன.

ஊரில் இருந்த தாய்மார்களும் தங்கைமார்களும் கையால் பின்னினார்கள். ஒரு ஜோடி முடிக்கப் பல நாள் ஆகும். எந்திரத்தில் கை பழகியவர்களோ ஒரு மணி நேரத்துக்குள் ஒரு காலுறையை முடித்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் பெண்கள் இந்த எந்திரங்களைச் சுற்றினார்கள்.

ஆசை காட்டிய விளம்பரம்

போர் 1918-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் பத்திரிகைகளில் இந்த எந்திரத்துக்கு விளம்பரம் வந்தது.

வீட்டில் இருந்தபடியே பெண்கள் சம்பாதிக்கலாம், பின்னிய காலுறைகளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று எந்திரம் விற்ற கம்பெனிகள் சொல்லின.

வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு இது பெரிய ஆசை. பணம் கட்டினார்கள். பெட்டியும் வந்தது. அதோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை!

பலருக்குப் பின்னல் பிடிபடவில்லை. நூல் சிக்கியது. வளையங்கள் விழுந்தன. கம்பெனி கேட்ட தரத்தில் காலுறை வரவில்லை. போட்ட பணம் போயிற்று. எந்திரம் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி பரணுக்கு ஏறியது.

ஆலைகளில் செய்த காலுறை மலிவாக வந்தது. பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

திறந்ததும் என்ன செய்வது?

இப்போது பெட்டியைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது துருவைத்தான். பாகங்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தையல் எந்திர எண்ணெய் போடுகிறார்கள்.

அடுத்தது ஊசிகள். 72 ஊசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். நாக்கு தடங்கல் இல்லாமல் ஆட வேண்டும். ஓர் ஊசியின் நாக்கு வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் பின்னல் விழும். காலுறை நெடுக ஏணி போல ஓட்டை ஓடும். ஓட்டை எந்த ஊசிக்கு நேராக ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி! அதை மாற்றிவிட வேண்டும்.

வெறும் ஊசிகளில் நூலைப் போட்டுச் சுற்றினால் ஒன்றும் வராது. ஏற்கெனவே பின்னிய ஒரு துணிக் குழாயை எல்லா ஊசிகளிலும் மாட்ட வேண்டும். அதன் கீழே எடை தொங்கவிட வேண்டும். எடை இழுத்தால்தான் பழைய வளையம் ஊசியை விட்டு இறங்கும்.

பிறகு மெதுவாகச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஒரே சுற்றில் அத்தனை வளையமும் கழன்று, துணி 'பொத்' என்று தரையில் விழும்! இப்படி விழாமல் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை.

குதிகால் கண்டம்

குழாய் பின்னுவது சுலபம். ஆனால் கால் குழாய் அல்லவே! குதிகாலில் துணி வளைய வேண்டும். கொள்ளுப்பாட்டிகள் தோற்றுப்போனது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

72 ஊசிகளில் 36 ஊசிகளை மேலே தூக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். மற்ற 36-ல் மட்டும் பின்ன வேண்டும். இப்போது கைப்பிடியை முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓரத்தில் உள்ள ஓர் ஊசியைத் தூக்க வேண்டும். 36, 35, 34 என்று குறைந்து, ஏறக்குறைய 12 ஊசி மிஞ்சும். பிறகு தூக்கிய ஊசிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். 36-ம் திரும்பி வந்தால் குதிகால் தயார்!

நடுவில் எடையை மேலே மேலே மாற்றி மாட்ட வேண்டும். மறந்தால் வளையம் துள்ளி வெளியே வந்துவிடும்.

விரல் பக்கமும் இதே போலத்தான். கடைசியில் அதை மூடுவது எந்திரம் அல்ல. கை ஊசியால்தான் தைத்து மூட வேண்டும்!

கூடிச் சுற்றுகிறார்கள்

கொள்ளுப்பேத்திக்கு மட்டும் இது எப்படிப் பிடிபடுகிறது? அவள் கெட்டிக்காரி, பாட்டி மந்தம் என்பதா? இல்லை!

பாட்டி தனியாக உட்கார்ந்து சுற்றினாள். விழுந்த ஒவ்வொரு வளையமும் அவளுக்குப் பண நஷ்டம். பேத்திக்கோ இது பிழைப்பு அல்ல. துணி பத்துத் தடவை விழுந்தாலும் சிரித்துக்கொண்டு மறுபடி மாட்டுகிறாள்.

அவள் தனியாகவும் இல்லை. எந்திரம் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் ஒன்றுகூடுகிறார்கள். ஆளுக்கு ஓர் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக மேஜையில் மாட்டுகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஊசியைத் தூக்கு, அந்த எடையை மாற்று" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கொள்ளுப்பாட்டிக்கு அன்று கிடைக்காமல் போனது இந்த உதவிதான்.

புதிதாகக் கற்பவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் புத்திமதி இதுதான்: எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலுறை அப்பாவுக்கும் இன்னொன்று பிள்ளைக்கும்தான் ஆகும்!

இரண்டாவது காலுறையும் முதல் காலுறையின் அளவுக்கே வந்துவிட்டால், அன்று அவர் தேறிவிட்டார் என்று அர்த்தம்!