கூட்டி அள்ள முடியாத தூள்

போன மாதம் ஒரு தேக்குப் பெட்டிக்குச் சாண்டர் பிடித்து முடித்தேன். தரையைக் கூட்டி அள்ளிவிட்டு, விளக்கை அணைத்துப் பட்டறைக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து, மறந்துவிட்ட இன்ச் டேப்பை எடுக்க டார்ச்சோடு உள்ளே போனால், வெளிச்சம் போன வழியெல்லாம் தூள் மிதந்துகொண்டிருந்தது. நான் கூட்டி அள்ளியது சீவலும் பருந்தூளும் மட்டும்தான். மூச்சில் போவது இந்த மிதக்கும் தூள்.

மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கும் தூள் 10 மைக்ரானுக்கும் குறைவு. இழைப்புளி சுருள் சுருளாகத் தள்ளும் சீவல் காலடியில் விழுந்துவிடும், சாண்டரும், எம்.டி.எஃப். பலகையை அறுக்கும் ரம்பமும் தள்ளுவது மாவு. வாகையை அறுத்தால் தும்மலும், ஈட்டியை இழைத்தால் தோல் அரிப்பும் வருவதைத் தச்சர்கள் வெகுகாலமாக அறிவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து 1960களில் தெரியவந்தது. நாற்காலி செய்வதற்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரில், மரவேலைக்காரர்களுக்கு அபூர்வமான மூக்குப் புற்றுநோய் அடிக்கடி வருவதை எஸ்தர் ஹாட்ஃபீல்ட் என்ற மருத்துவர் கவனித்தார். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பொழுதுபோக்காக மரவேலை செய்பவருக்குத் தொழிற்சாலை அளவு தூள் சேராது என்பது உண்மைதான். ஆனால் காற்றோட்டமில்லாத கார் ஷெட்டுக்குள் நின்று வேலை செய்பவர் அவர்தான்.

தூள் உறிஞ்ச இரண்டு வகை இயந்திரங்கள் கிடைக்கின்றன. ஒன்று, ஒர்க்‌ஷாப் வாக்யூம். இன்னொன்று, டஸ்ட் கலெக்டர். அடுப்படி ஊதுகுழலையும் விசிறியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊதுகுழல் கொஞ்சம் காற்றை வேகமாகச் செலுத்தும். விசிறி நிறையக் காற்றை மெதுவாக நகர்த்தும். வாக்யூம் ஊதுகுழல் மாதிரி: குழாய் குறுகல், இழுவிசை அதிகம், நகரும் காற்று குறைவு. சாண்டர், ரவுட்டர், ஜிக்சா போன்ற கைக்கருவிகளுக்கு அதுவே பொருத்தம். டேபிள் சாவும் பிளேனரும் தூளை நாலாபக்கமும் வீசுவதால், அவற்றுக்கு விசிறி மாதிரியான டஸ்ட் கலெக்டர்தான் வேண்டும்.

100 மி.மீ. குழாயில் தூள் படியாமல் ஓட, காற்று விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 565 கன மீட்டர் காற்று. சாண்டருக்கு மாட்டும் 32 மி.மீ. குழாயின் வாய்ப் பரப்பு அந்த 100 மி.மீ. குழாயின் வாயில் பத்தில் ஒரு பங்குதான். டஸ்ட் கலெக்டர் வாங்கி, அதன் வாயில் ரெடியூசர் போட்டுச் சாண்டருக்கு மாட்டினால், கழுத்தை நெரித்த மாதிரி காற்று நின்றுபோகும். குழாய் எவ்வளவு நீளமோ, எத்தனை வளைவோ, உள்ளே எவ்வளவு சொரசொரப்போ, அந்த அளவுக்கு இழுவை குறையும். அதனால் குட்டையான, வழுவழுப்பான குழாயே நல்லது.

நான் ஏமாந்தது பையில். முதலில் வாங்கிய கலெக்டரின் துணிப்பை 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தூளை மட்டுமே பிடிக்கும். காலை வெயில் ஜன்னல் வழியே விழுந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். பை உப்பியதும் அதன் மேனி முழுக்கப் புகை கசிவதுபோல் நுண்தூள் கிளம்பி, சரியாக முகத்துக்கு நேரே பரவியது. இப்படிப்பட்ட பை, தரையில் கிடக்கவேண்டிய தூளையும் காற்றில் ஏற்றிவிடுகிறது. எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன், ஃபில்டர் எத்தனை மைக்ரான் என்று கடையில் கேளுங்கள். ஒரு மைக்ரான் வரை பிடிக்கும் மடிப்பு ஃபில்டர் வேண்டும். வாக்யூமாக இருந்தால் ஹெப்பா ஃபில்டர்.

நம் ஊரில் இன்னொரு வசதி உண்டு. குளிர்நாடுகளில் கணப்பு போட்டுச் சூடாக்கிய காற்றை வெளியே தள்ள மனம் வராது. ஃபில்டர் வழியாக உள்ளேயே திருப்பிவிடுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கலெக்டரைச் சுவருக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்தால் கசியும் நுண்தூள் அறைக்குள் வராது, சத்தமும் குறையும். பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடமும் பணமும் குறைவென்றால் வாக்யூமோடு ஒரு சைக்ளோன் வாளி போதும். வாளிக்கு மேல் உள்ள கூம்புக்குள் காற்று சுழல, கனமான தூள் சுவரோரம் ஒதுங்கி வாளியில் விழும். ஃபில்டர் சீக்கிரம் அடைபடாது. ஜேம்ஸ் டைசன் மர அறுவை மில்லில் இந்தக் கூம்பைப் பார்த்துத்தான், 5,127 மாதிரிகள் செய்து, பையில்லாத வீட்டு வாக்யூமை உருவாக்கினார். ஆனாலும் மிக நுண்ணிய தூள் கூம்பைத் தாண்டிப் போகும். ஃபில்டரும் வேண்டும், சாண்டர் பிடிக்கையில் என்95 முகக்கவசமும் வேண்டும்.

கிரைண்டரில் இரும்பைத் தீட்டும்போது மட்டும் தூள் உறிஞ்சும் குழாயை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒரு பொறி உள்ளே போய்த் தூளுக்குள் புதைந்து, யாரும் இல்லாத இரவில் மெல்லக் கனன்று பையைப் பற்றவைத்துவிடும்.