கடை திறக்குமுன் சட்டத்தரணியைக் கேட்கலாமா?

கரவெட்டியிலே ஒருவர் சிறு கடையொன்று தொடங்க எண்ணினால், முதலிலே நல்ல நாள் பார்க்கிறார். பின்னர் முதல் தேடுகிறார். அதன்பின் நெல்லியடியிலே வசதியான ஓர் இடம் தேடுகிறார். சட்டத்தரணியின் வாசற்படியை அவர் மிதிப்பது பெரும்பாலும் பிணக்கு வந்த பின்னரே. “அவரிடம் போனால் காசு கரையும், காரியம் நடவாது” என்பது நம்மவர் பலரின் எண்ணம். அது எவ்வளவுக்குச் சரியென்று சிறிது ஆராய்வோம்.

மைத்துனர் இருவர் சேர்ந்து அரைக்கும் ஆலை ஒன்று வைப்பதாகக் கொள்வோம். ஒருவர் எட்டு இலட்சம் ரூபாய் இடுகிறார். மற்றவர் இரண்டு இலட்சம். உறவினருக்குள் எழுத்து எதற்கு என்று இருந்துவிடுகின்றனர். ஆனால், முதல் 1000 ரூபாயை மிஞ்சிய பங்குடைமை எழுத்திலே அமைந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்று 1000 ரூபாய்க்குள் பெட்டிக்கடையும் திறக்க முடியாது. எழுத்தில்லாவிடின், பங்காளர் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடிப் பங்குடைமையை நிலைநாட்டல் அரிது. கடன் கொடுத்தவரோ, இருவரும் பங்காளரே என்று காட்டி இருவர்மீதும் வழக்கிடலாம்!

எழுதினாலும், பங்கு இவ்வளவு என்று குறிக்காவிடின், இலாபமும் நட்டமும் சரிபாதி. ஒருவர் இறந்தால் பங்குடைமையும் கலைந்துவிடும். இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் கூறும் இவ்விதிகளே இலங்கையிலும் செல்லும். “தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு” என்ற பழமொழியை இவ்விடத்திலே நினைத்தல் நன்று.

இடத்தைப் பற்றியும் அவ்வாறே. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஐந்தாண்டுக்கென்று அலுமாரியும் மேசையும் செய்து வைத்தவர், இடையிலே எழும்பச் சொன்னால் என்ன செய்வார்? காணியை வாங்குவதாயின் தேசவழமையையும் நோக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட இச்சட்டத்தின்படி, பிரிக்கப்படாத பங்கை விற்பவர் மற்றப் பங்காளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். அறிவியாமல் விற்ற பங்கை அவர்கள் வழக்காடிப் பெறவும் கூடும்.

இவற்றிலெல்லாம் சட்டத்தரணியின் சொல்லை நம்புவதே அறிவுடைமை. ஆயின், நெல்லியடியிலே எந்தச் சரக்கு விலைபோகும் என்பதை அவர் அறியார். அவருடைய கண் ஆபத்தையே தேடும். அதுவே அவர் தொழில். “இதில் ஆபத்துண்டு” என்று அவர் சொன்னால், அஞ்சித் திரும்பலாகாது. எவ்வளவு ஆபத்து, அதைக் குறைக்க வழி யாது, செலவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். முடிவு செய்வது நம் பொறுப்பு. வியாபாரப் பெயரைப் பதிதல் போன்ற காரியத்தைப் பிரதேச செயலகத்தில் நாமே விசாரித்து முடிக்கலாம்.

இன்னும் இரண்டு சொல்வோம். கடைக்குரியவரின் நொத்தாரிசு எழுதிய உறுதியை நம்முடைய சட்டத்தரணி ஒருவர் பார்க்க வேண்டும். ஒருவரே இரு பக்கத்தாருக்கும் முழுமையாக உழைத்தல் இயலாது. அடுத்து, அவரிடம் பழைய கடனையும் குடும்பப் பிணக்கையும் மறையாது சொல்ல வேண்டும். சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதல்லாத பிறவற்றை, நம் சம்மதமின்றி அவர் வெளியிடலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் காவல் செய்கிறது. பாதியை மறைத்தவர் பெறும் ஆலோசனையும் பாதியே.

வீட்டிலே படிக்கும் பிள்ளைகள் இருப்பின், கையொப்பமிடுவதற்கு முதல்நாள் அப்பத்திரத்தை அவர்கள் உரத்து வாசிக்கட்டும். விளங்காத வரிகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் சட்டத்தரணியிடம் அவற்றையே முதலிற் கேட்கலாம்.