கன்னத்தில் ஒரு களஞ்சியம்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கம் தாமான் வீடுகளில் ஹேம்ஸ்டர் வளர்க்கிறீர்களா, நேயர்களே? சூரியகாந்தி விதையைத் தின்று முகம் வீங்கிவிட்டதே என்று பிள்ளைகள் அலறினால் பயப்படாதீர்கள். தோள்வரை நீளும் கன்னப்பைகளில் அடைத்த விதைகளை, மூலைக்குப் போய் முன்கால்களால் அழுத்தி வெளியே தள்ளிப் பதுக்கிவைக்கும்.

இன்று வீடுகளில் வளரும் தங்கநிற ஹேம்ஸ்டர்களில் பெரும்பாலானவை, 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே வளையிலிருந்து எடுத்த ஒரு தாய், குட்டிகளின் வழிவந்தவை. கூண்டில் இவை பெரும்பாலும் பகலில் உறங்கி, இருட்டியதும் சுறுசுறுப்பாகும். நள்ளிரவில் சக்கரம் கடகடப்பது அதனால்தான். உங்கள் தூக்கம் போவது வேறு கதை!

மலாக்கா வெக்கையில் வயிற்றைத் தரையோடு பரப்பிக் கிடந்தால் அது சோம்பல் அல்ல, சூடு. கூண்டை நிழலுக்கு மாற்றி, உள்ளே ஒரு தரை ஓடு (டைல்) வையுங்கள். துணைக்கென்று இன்னொன்றை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். தங்கநிற வகை கடித்துக் குதறிவிடும்.