சக்கரத்துக்குள் ஒரு மோட்டார்

மிதிவண்டிச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின்சார மோட்டாரை அடக்கிவிடலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1895-ஆம் ஆண்டிலேயே ஆக்டன் போல்டன் என்பவர் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் பெருநகரங்களில் வீடுதோறும் பொருள் கொண்டுசேர்ப்போர் சிலருக்கு அந்தச் சக்கரமே பிழைப்பு. அது ஒரு நாள் நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். ஆகவே அது எவ்வாறு பழுதாகிறது என்பதை அறிந்திருத்தல் நன்று.

இம்மோட்டார் இருவகைப்படும். முதல் வகையில் பற்சக்கரம் இல்லை. தேய்வதற்குரியவை பேரிங்குகளே, எனவே நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் பெருஞ்சுமையுடன் மேட்டில் மெதுவாக ஏறினால் மிகவும் சூடேறும். சூடு அளவு கடந்தால் உள்ளிருக்கும் காந்தங்கள் வலுவிழக்கும். இரண்டாம் வகை பற்சக்கரம் உடையது. எடை குறைவு, மேட்டில் நன்றாக இழுக்கும். ஆனால் இதன் பற்சக்கரங்கள் பெரும்பாலும் நைலானால் ஆனவை, நாளடைவில் தேயும். கறகறவென்ற ஒலி அதன் முன்னறிவிப்பு.

மோட்டாரின் உட்சுருள் எரிந்துபோவதைவிட, அதற்குச் செல்லும் கம்பிகள் கெடுவதே மிகுதி. நட்டு தளர்ந்தால் அச்சு சுழன்று கம்பிகளை முறுக்கி அறுத்துவிடும். அச்சு சுழலாதபடி தடுக்கும் வாஷர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மழைநீரும் கம்பியின் வழியே உள்ளே புகும். கம்பி அச்சுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி வளைந்து தொங்குமாறு கட்டினால், நீர் அங்கேயே சொட்டிவிடும். வண்டி உதறி உதறிக் கிளம்பினால், ஹால் சென்சர் அல்லது அதன் மெல்லிய கம்பி கெட்டிருக்கலாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி நலமாயிருக்கும்போதே, பாட்டரியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிப் பழகிக்கொள்ளுங்கள். பின்னர் ஒருநாள் அது முன்னினும் கடுமையாக, விட்டுவிட்டு இறுகினால், மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குச் செல்லும் தடித்த கம்பிகள் மூன்றையும், ஒன்றையொன்று தொடாதவாறு பிரித்துவிட்டு மீண்டும் சுற்றுங்கள். இறுக்கம் நீங்கினால் பழுது கன்ட்ரோலரில். நீங்காவிடில் மோட்டாரிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது.

மொழி பழகாத ஊரில், “மோட்டாரையே மாற்றவேண்டும்” என்று கடைக்காரர் கூறும்போது, மறுத்துக் கேட்க நமக்குச் சொற்கள் கிடைப்பதில்லை. இந்தச் சோதனையை அவர் முன்னிலையில் செய்துகாட்டுங்கள். அதற்கு மொழி வேண்டியதில்லை.