லிட்மஸ் தாளும் உரைகல்லும்

எங்காவது இடைத்தேர்தல் வந்துவிட்டால், "ஆளும் கட்சிக்கு இது ஒரு லிட்மஸ் டெஸ்ட்" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பிளஸ் டூ பரீட்சை நெருங்கினால் பெற்றோர்களும் அதையே சொல்கிறார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடந்த ஒரு துண்டுத் தாள் நம் வீட்டுப் பேச்சுக்குள் எப்படி நுழைந்தது?

லிட்மஸ் என்பது பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் லைக்கன்களிலிருந்து எடுக்கும் சாயம். செட்டிநாட்டுச் சமையலில் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஆனால் லிட்மஸ் வேறு இனங்களிலிருந்து கிடைக்கிறது. நீல லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும். சிவப்புத் தாள் காரத்தில் நீலமாகும். தாவரச் சாறுகள் இவ்வாறு நிறம் மாறுவதை ராபர்ட் பாயில் 1664-ல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார்.

கண்ணெதிரே, நொடிப்பொழுதில் விடை! இந்த ஒரு குணத்துக்காகத்தான் பேச்சு வழக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அறிவியல் சொற்கள் பொதுவாக இப்படித்தான் வெளியே வருகின்றன. ஒரு குணம் கூட வரும். மற்றவை ஆய்வுக்கூடத்திலேயே நின்றுவிடும்.

இங்கே நின்றுபோனது என்ன? எலுமிச்சைச் சாறும் தாளைச் சிவப்பாக்கும். பேட்டரியில் ஊற்றும் கந்தக அமிலமும் சிவப்பாக்கும். ஒன்றைக் குடிக்கலாம், மற்றது தோலைப் பொசுக்கிவிடும். லிட்மஸுக்கு இரண்டும் ஒன்றே. 'ஆம்', 'இல்லை' என்பதைத் தவிர அதற்கு வேறு பாஷை தெரியாது. எவ்வளவு என்று அது சொல்லாது.

நம்மிடம் இதைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு: உரைகல். பொற்கொல்லர் கறுப்புக் கல்லில் நகையை உரசி, மாற்றுத் தெரிந்த தங்கத்தின் கோட்டோடு ஒப்பிடுவார். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கலப்படச் செம்பு கரைந்துபோகும், தங்கம் நிற்கும். ஆங்கிலேயரின் 'ஆசிட் டெஸ்ட்' பிறந்ததும் இங்கேதான். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நல்லவரைச் சொல்வதும் இந்தக் கல்லிலிருந்து வந்ததே. ஒருவர் உயர்ந்தவரா, தாழ்ந்தவரா என்பதற்கு அவர் செய்கையையே கட்டளைக்கல்லாக வைத்தார் வள்ளுவர்.

நாம் வாழும் ஊர்களிலும் இதே கல் இருக்கிறது. இந்தியில் கசௌட்டி, வங்காளத்தில் கஷ்டிபாதர். மராட்டியில் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கே 'கசோட்டி' என்றுதான் பெயர். இன்று நகைக்கடைகளில் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது; 2021 முதல் ஹால்மார்க் முத்திரையும் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. கல் ஓய்ந்தாலும் சொல் ஓயவில்லை.

எந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். நம் குழந்தைகளின் தமிழை எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வரும் உறவினர் ஒரு வாரப் பத்திரிகையை நீட்டி, "எங்கே, படி பார்க்கலாம்" என்கிறார். குழந்தை திணறினால், "இதுக்குத் தமிழே வராது" என்று தீர்ப்பு. இது லிட்மஸ் கணக்கு. அதே குழந்தை பாட்டியோடு தொலைபேசியில் அரைமணி நேரம் தமிழில் கதை பேசும். பாட்டி சொல்லும் பழமொழிக்குச் சிரிக்கும். அதற்கு மதிப்பெண் கிடையாதா?

உரைகல்லில் உரசுங்கள். எட்டு மாற்றாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். ஆறு மாற்றிலும் தங்கம் இருக்கிறது. புடம் போட்டால் மாற்று ஏறும். "வராது" என்று சொல்லப்பட்ட குழந்தை, பிறகு முயற்சி செய்வதையே விட்டுவிடுகிறது.