மேனிலைப் பள்ளி உளவியலில் நினைவாற்றல் சோதனை: பொருளிலா அசைகளும் தமிழ் ஒலியமைப்பும்

முன்னுரை

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு உளவியல் ஒரு விருப்பப்பாடமாக அமைந்துள்ளது. எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன. 11ஆம் வகுப்பில் கற்றல், நினைவு ஆகிய இயல்களைப் பயிலும் மாணவர் ‘பொருளிலா அசை’ என்னும் சோதனைக் கருவியை முதன்முதலாகச் சந்திக்கின்றனர். இக்கருவியைத் தமிழ் பேசுவோரிடம் கையாளும்போது நேரும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகின்றது.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு செய்முறைப் பதிவேடு. 11ஆம் வகுப்பில் உளவியல் பயிலும் என் உறவினர் மகள், ஆங்கிலம் அறியாத தன் பாட்டியைச் சோதனைக்கு உட்படுத்தினாள். அதற்கெனப் பத்து அசைகளைத் தமிழிலேயே உருவாக்கிக்கொண்டாள். மறுநாள் பாட்டி ஒன்பதைத் தடையின்றிச் சொல்லிவிட்டார். மறதி வளைகோட்டோடு பொருந்தாத முடிவு தவறென்று கருதிய மாணவி, ஒன்பதை மூன்றாக்கிப் பதிவேட்டில் எழுதினாள். அப்பக்கம் முழு மதிப்பெண் பெற்றது.

எபிங்ஹாஸின் கருவி

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம் நினைவாற்றல் ஆய்வை 1885இல் நூலாக வெளியிட்டார். சோதித்தவரும் சோதிக்கப்பட்டவரும் அவரே. ஏற்கெனவே அறிந்த சொற்கள் மனத்தில் எளிதில் பதியுமாதலின், மெய்–உயிர்–மெய் என்னும் அமைப்பில் ஏறத்தாழ 2,300 அசைகளை ஆக்கிக்கொண்டார். ஒரு பட்டியலை மனனம் செய்து, இடைவெளிவிட்டு மீண்டும் கற்று, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று எனக் கணித்தார். முதலில் 20 முறை ஓதிக் கற்றதை மறுமுறை 8 முறையில் கற்றால் சேமிப்பு 60 விழுக்காடாகும். அவர் கண்ட சேமிப்பு 20 நிமிடங்களுக்குப் பின் 58, ஒரு நாளுக்குப் பின் ஏறத்தாழ 34, 31 நாள்களுக்குப் பின் 21 விழுக்காடு. பாட்டியிடம் அளக்கப்பட்டது சேமிப்பன்று, நினைவுகூர்தல். இரண்டும் வேறு அளவைகள் என்பதும் பதிவேட்டில் கவனிக்கப்படவில்லை.

தமிழில் பொருளின்மை

தமிழில் இத்தகைய அசைகளை ஆக்குவது தோன்றுமளவு எளிதன்று. நன்னூல் மொழியிறுதியில் வரும் மெய்களாகப் பதினொன்றைக் கூறுகின்றது. அவற்றுள் ஞ், ந், வ் ஆகியன மிகச் சில சொற்களிலேயே ஈறாகும். எஞ்சுவன எட்டு. வல்லின மெய் ஈறாவதில்லை. ‘தெக்’, ‘மித்’ என எழுதிக் கொடுத்தால் தமிழ் நா ‘தெக்கு’, ‘மித்து’ என உகரம் சேர்த்தே ஒலிக்கும். ஓரசை ஈரசையாகிவிடும். ‘கப்’ என்பதோ தேநீர்க் கடையில் நாள்தோறும் புழங்கும் சொல்.

இலக்கணம் ஏற்கும் ஈறுகளைக் கொண்டு ஆக்கினாலும் நிலைமை சீராவதில்லை. ககரத்தையும் ளகர ஒற்றையும் நிறுத்தி, இடையில் ஐ, ஔ நீங்கிய பத்து உயிர்களையும் வைத்துப் பார்க்கலாம். கள், கேள், கொள், கோள் ஆகியன வழக்குச் சொற்கள். கிள் என்பது கிள்ளுதலின் வினையடி. கீள் பழஞ்சொல், தேவாரம் பயின்றோருக்கு அது புதிதன்று. எஞ்சும் காள், குள், கூள், கெள் ஆகியனவும் முறையே காளை, குள்ளம், கூளம், கெளுத்தி ஆகியவற்றை நினைவூட்டுகின்றன. (கெள் என்பதை விரைந்து படிப்பவர் ‘கௌ’ எனக் கொள்வதும் உண்டு.) பத்தில் ஒன்றுகூட வெறும் ஒலியாக நிற்கவில்லை. ஓரெழுத்தொருமொழிகளே 42 என நன்னூல் கணக்கிடும் மொழியில் இது வியப்பன்று.

மாணவியின் பட்டியலில் கோல், கள், மாண் ஆகியன இருந்தன. பாட்டி அவற்றைக் கோத்து, கோலூன்றிக் கள்ளுக்கடைக்குச் சென்ற ஒருவனின் கதையாக்கிக்கொண்டதாகப் பின்னர்க் கூறினார். அவர் மனனம் செய்தது அசைகளை அன்று, கதையை. பொருளோடு பிணைந்தது நிலைக்கும் என்பதும் பாடநூலின் கொள்கையே. ஆகவே அவர் பெற்ற ஒன்பதும் மெய்யான தரவு. திருத்தத்தில் அழிந்தது அதுவே.

பட்டியல் அமைக்கும் முறை

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில அசைகளும் வெவ்வேறு அளவில் பொருள்தொடர்பை எழுப்புகின்றன என்பதை 1928இல் கிளேஸ் அளந்து காட்டினார். அம்முறையைப் பள்ளியிலேயே கையாளலாம். அசைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, சில நொடிகளுக்குள் ஏதேனும் நினைவுக்கு வருகின்றதா என வகுப்பினரைக் குறிக்கச் செய்து, மிகக் குறைவானோர் குறித்தவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். வகுப்பினரைவிட மூத்தோர் சோதனைக்கு உட்படுவதாயின் அவர்தம் வயதினரிடமும் இதனைச் செய்தல் வேண்டும். மாணவர் அறியாத பழஞ்சொல்லைப் பாட்டி அறிந்திருப்பார். அடுத்தடுத்த அசைகளில் மோனையோ இயைபோ அமையாமல் வரிசைப்படுத்துவதும் இன்றியமையாதது. தமிழ்ச் செவிக்கு அவை ஆயத்தமான நினைவுக் குறிப்புகள். ஆங்கிலப் பட்டியலை அப்படியே கொடுப்பதும் தீர்வாகாது. பழக்கமற்ற ஆங்கில அசையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பவர், ஓர் அசைக்கு மூன்று எழுத்துப் பெயர்களை மனத்தில் சுமக்கின்றார்.

செய்முறைப் பதிவேட்டில் அசைப் பட்டியலையும், அது தேர்ந்தெடுக்கப்பட்ட முறையையும், சோதிக்கப்பட்டவர் தாம் மனனம் செய்த வழி குறித்துக் கூறியதையும் எழுதுமாறு பணித்தால், வளைகோட்டோடு பொருந்தாத முடிவுக்கும் மதிப்பெண் வழங்க மதிப்பீட்டாளருக்கு அடிப்படை கிடைக்கும்.