ஆடுகளத்தில் மன ஒருமை

டென்னிஸ் என்றதும், அது நகரத்துச் செல்வர் ஆடும் ஆட்டம் என்று நம் மாணவருள் பலர் ஒதுங்கிவிடுவர். கருவேப்பிலங்குறிச்சியில் நான் வளர்ந்த நாளில், வெள்ளாற்றங்கரைப் பிள்ளைகளாகிய நாங்கள் அறிந்தவை பூப்பந்தும் சடுகுடுவுமே. ஆயினும், மன ஒருமை என்பது யாது, அது குலைந்தால் மீட்பது எங்ஙனம் என்னும் வினாக்களுக்கு இவ்வாட்டம் தரும் விடையைப் போல் தெளிவான விடை வேறு விளையாட்டில் எனக்குக் கிட்டவில்லை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கட்டும்.

டென்னிஸ் ஆட்டத்திற்குக் கடிகாரம் இல்லை. கால்பந்திலும் சடுகுடுவிலும் முன்னணியில் இருப்பவர் நேரத்தைக் கடத்தியே வென்றுவிடலாம். இங்கோ கடைசிப் புள்ளியையும் வென்றாக வேண்டும். ஆகவே முந்தியிருப்பவனுக்கு ‘இன்னும் ஒரு கேம்தானே’ என்னும் நினைவு பகையாகிறது. பிந்தியிருப்பவனுக்கோ இறுதிவரை கதவு திறந்தே இருக்கிறது. ஒற்றையர் ஆட்டமாயின் பக்கத்தில் தோள் கொடுக்கத் தோழனும் இல்லை.

இதற்குச் சான்றாக நம் தமிழகத்தார் ஒருவரின் ஆட்டத்தையே காட்டலாம். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தந்தை டி. கே. இராமநாதனிடம் பயின்றவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார்; 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். அடித்து நொறுக்கும் வேகம் அவரிடம் இல்லை. பந்தை வேண்டிய இடத்தில் வேண்டியவாறு வைக்கும் நயமே அவர் ஆட்டம். அத்தகைய ஆட்டத்திற்குக் கை இறுகினால் எல்லாம் போயிற்று.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பைப் போட்டி. இந்தியாவும் பிரேசிலும் 2–2 என்று சமநிலையில் நிற்க, ஐந்தாம் ஆட்டத்தில் கிருஷ்ணனை எதிர்த்தவர் தாமஸ் கோக் என்னும் இடக்கை வீரர். முதற் செட் 3–6, இரண்டாவது 6–4, மூன்றாவது 10–12. இருபத்திரண்டு கேம்கள் போராடிய செட்டை இழந்த பின், நான்காவதில் 2–5 என்று பின்தங்கினார். கோக்குக்கு வேண்டியது இன்னும் ஒரே ஒரு கேம். அந்த ஒன்று அவருக்குக் கிட்டவில்லை. கிருஷ்ணன் அடுத்தடுத்து ஐந்து கேம்களை வென்று செட்டை 7–5 எனக் கைப்பற்றினார். கடைசிச் செட்டை 6–2 என முடித்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்றது.

ஐந்து கேம்களைச் சேர்ந்தாற்போல் ஒருவரும் வெல்ல இயலாது. ஒரு புள்ளி, பின் மற்றொரு புள்ளி என்றே வெல்ல இயலும். இது எண்ணிப் பார்த்தால் எளிய கணக்கு. களத்தில் நிற்பவனுக்கு எளிதன்று. தவறவிட்ட பந்து மனத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, வரப்போகும் வெற்றி தோல்வி முன்னுக்கு இழுக்கிறது. அப்போது மூச்சு மேலெழுந்து குறுகுகிறது. மட்டையைப் பிடித்த விரல்கள் இறுகுகின்றன. சர்வீசுக்கு மேலே எறியும் பந்து இடம் மாறி விழுகிறது. மனத்தில் தொடங்கிய பிழையைக் கண்டோர் கையின் பிழை என்பர்.

மன ஒருமை என்றால் நான்கு மணி நேரமும் மனத்தை நாண் ஏற்றிய வில்லாய் வைத்திருத்தல் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு, அவ்வாறு எவராலும் இயலாது. ஒரு போட்டியில் பந்து உண்மையில் பறக்கும் நேரம் சிறு பகுதியே. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே இன்றைய விதி 25 நொடிகள் தருகிறது. பக்கம் மாறும்போது 90 நொடிகள். தேர்ந்த வீரர் இவ்விடைவேளையைத்தான் ஆளக் கற்கின்றனர். வலைக்கு முதுகு காட்டித் திரும்புதல், மட்டையின் நரம்புகளை விரலால் நேர்செய்தவாறு பார்வையை அங்கேயே நிறுத்துதல், மூச்சை நீளமாக விடுதல், பந்தைக் குறித்த முறை தரையில் தட்டுதல் ஆகியன வெறும் பழக்கங்கள் அல்ல. ரஃபேல் நடால் தம் தண்ணீர்ப் புட்டிகளை ஒரே ஒழுங்கில் வைப்பதைக் கண்டு நகைத்தோர் உண்டு. வெளியில் உள்ள ஒழுங்கு தம் உள்ளத்தில் வேண்டும் ஒழுங்குக்குத் துணை என்று அவர் விளக்கினார்.

புள்ளிகளை மிகுதியாக வென்றும் தோற்பது இவ்வாட்டத்தின் விந்தை. 2019 விம்பிள்டன் இறுதியில் ரோஜர் ஃபெடரர் வென்றவை 218; நோவாக் ஜோகோவிச் வென்றவை 204. பட்டமோ ஜோகோவிச்சுக்கு. கடைசிச் செட்டில் இரண்டு வெற்றிப் புள்ளிகள் ஃபெடரர் கைக்கு வந்து நழுவின. அரங்கம் ‘ரோஜர்’ என்று முழங்கியபோது தம் செவியில் அதை ‘நோவாக்’ என்று கேட்டுக்கொண்டதாக ஜோகோவிச் பின்னர்க் கூறினார். அதே ஃபெடரர், 2024இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உரையாற்றுகையில், தாம் ஆடிய ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்றும், புள்ளிகளில் வென்றது 54 விழுக்காடே என்று கணக்குச் சொன்னார். மாபெரும் வீரரும் இரண்டில் ஒன்றை ஏறக்குறைய இழந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்!

மாணவப் பருவத்தில், கல்லூரிகளுக்கிடையே நடந்த பூப்பந்துப் போட்டி ஒன்றில் எல்லைக்கோட்டருகே விழுந்த பந்துக்கு எங்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. நடுவர் தவறியிருக்கலாம், நான் அதை விடவில்லை. வாயால் விட்டேன், மனத்தால் விடவில்லை. அடுத்து வந்த பந்துகளை நான் பார்த்ததாகவே நினைவில்லை. அன்று ஐவரும் தோற்றோம். நான்கு பேர் தோற்றதற்கு நானே காரணம்.

பயிற்சிக்கும் வழி உண்டு. திமோதி கால்வே என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர் 1974இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய முறை கூறியுள்ளார். பந்து தரையில் படும் கணத்தில் ஒரு சொல், மட்டையில் படும் கணத்தில் ஒரு சொல். இரண்டையும் பிசகாமல் வாய்விட்டுச் சொல்லியவாறே ஆட வேண்டும். சொல்லைக் கணத்தோடு பொருத்த முனையும் மனத்திற்குப் புள்ளிக் கணக்கை எண்ண நேரம் இராது. பூப்பந்தில் பந்து தரையைத் தொடலாகாது. ஆதலின், எதிரியின் மட்டையில் படும்போது ஒரு சொல்லும் நம் மட்டையில் படும்போது ஒரு சொல்லுமாக மாற்றிக்கொள்ளலாம். மாலையில் நம் கல்லூரித் திடலில் ஆடும் மாணவர்கள் ஒரு வாரம் செய்து பார்த்து, எத்தனை முறை சொல் பிந்தியது என்று எனக்குத் தெரிவிப்பார்களாக.